சேர்த்து வைப்பவன்

சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு வாதத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வினை என்பது சடம். தன்னைச் செய்தவன் இன்னான் என்று அதற்குத் தெரியாது. செய்தவனுக்கோ தன் வினையில் எது எப்போது பழுக்கும் என்று தெரியாது. தெரிந்தாலும் கசப்பானதைத் தானே தேடிப்போய் வாங்கிக்கொள்ள மாட்டான். ஆகவே செய்தவனையும் பயனையும் சேர்த்து வைக்க, எல்லாம் அறிந்த ஒருவன் வேண்டும். அவன்தான் இறைவன். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் முடித்த சிவஞானபோதத்துக்கு விளக்கம் சொல்கிறவர்கள் இரண்டாம் சூத்திரத்தில் இந்த இடத்துக்கு வருவார்கள். எனக்கு இந்த வாதம் உறைத்தது எங்கள் நூலகத்துக் கணினியில் ஒரு ஃபோல்டர் தப்பாகத் திறந்தபோது. அதை முழுசாக ஒப்புக்கொள்ள முடியாமல் போனதும் அதே சமயத்தில்தான்.

நூலகம் மாயவரம் பக்கம், சின்னது. ஓலைச்சுவடிகளை ஸ்கேன் செய்து, சுவடிக்கு ஒரு ஃபோல்டர் என்று அடுக்கி வைக்கிறோம். கணினி பழசு என்பதால் லினக்ஸ் போட்டு, பாரம் இல்லாத எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் ஓட்டுகிறோம். அந்தப் பக்கத்து வேலையெல்லாம் என்னுடையது. ஏட்டைப் படித்துப் பாடபேதம் குறித்துக் கொடுப்பவர் ஐயா. எண்பதை நெருங்குகிறார், சித்தாந்தம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவர். எனக்கும் அவர்தான் வாத்தியார். மௌஸைப் பிடிக்கப் பழகிக்கொண்டார், ஆனால் அதை நம்பமாட்டார்.

ஒரு சுவடியின் ஃபோல்டரை அவர் டபுள் கிளிக் செய்தார். ஏடுகள் வரவில்லை. பாட்டு கேட்கிற சாஃப்ட்வேர் திறந்து, வெறும் பட்டியலோடு நின்றது. ஓதுவார் ஒருவர் பாடிக் கொடுத்த தேவாரப் பதிவுகளைக் கேட்பதற்காக நான் புதிதாகப் போட்டிருந்த சாஃப்ட்வேர் அது. அடுத்த ஃபோல்டரையும் தட்டினார், அதே கதை. பிறகு என்ன தோன்றியதோ, அந்தப் பதிவுகள் இருக்கும் ஃபோல்டரையே தட்டினார். உடனே பாட்டு தொடங்கிவிட்டது, வாசிப்பறை முழுக்கக் கேட்கும்படி. படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐயா கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஏட்டைக் கேட்டா பாட்டுப் பெட்டியை நீட்டுதே, இது யாரு சொல்லி நீட்டுது?"

"யாரும் சொல்லலை ஐயா" என்றேன். அவர் விடவில்லை. யாரும் சொல்லாமல் ஒரு சடம் எப்படி இன்னொரு சடத்தைப் போய்ப் பிடிக்கும் என்று கேட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைவிடச் சரியான தொழில்நுட்பக் கேள்வியை இந்த விஷயத்தில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஃபோல்டர் என்பது உண்மையில் ஒரு பட்டியல். யூனிக்ஸ் காலத்திலிருந்தே அப்படித்தான். உள்ளே எந்தப் படமும் இல்லை, பாட்டும் இல்லை. பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐநோட் எனப்படும் ஒரு எண்ணும் மட்டும் இருக்கும். அதைத் தட்டும்போது கணினி முதலில் கேட்பது 'இது எந்த வகை' என்பதை. மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்புகளுக்கு வகைப்பெயர் கொடுக்க 1992-இல் வகுத்த மைம் முறை இருக்கிறதே, அதே பாணியில் ஃபோல்டருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஐநோட்/டைரக்டரி. ஏட்டுப் படம் உள்ள ஃபோல்டரும் தேவாரம் உள்ள ஃபோல்டரும் இந்தப் பெயரில் ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை.

வகை தெரிந்த பிறகு, இந்த வகையை யார் திறப்பது என்று பட்டியல்களைப் புரட்டும். முதலில் பயனரின் வீட்டுக்குள், கான்ஃபிக் என்ற மறைவு ஃபோல்டரில் இருக்கும் மைம்ஆப்ஸ்.லிஸ்ட். அதில் இல்லையென்றால் கணினி முழுமைக்குமான இடிசி/எக்ஸ்டிஜி-யில் அதே பெயருள்ள ஃபைல். அதிலும் இல்லையென்றால் இன்னும் கீழே. எங்கேயும் ஒரு முடிவு எழுதப்படவில்லை என்றால் கடைசியாக ஒரு தொகுப்பைப் பார்க்கும். ஒவ்வொரு சாஃப்ட்வேரும் நிறுவப்படும்போது டெஸ்க்டாப் ஃபைல் என்று சின்னதாக ஒரு சீட்டைக் கொண்டுவரும். அதில் 'எனக்கு இன்னின்ன வகை திறக்கத் தெரியும்' என்று ஒரு வரி இருக்கும். இந்தச் சீட்டுகளையெல்லாம் திரட்டித் தானாக எழுதப்படுவதுதான் அந்தத் தொகுப்பு. அதில் ஐநோட்/டைரக்டரிக்கு எதிரே எங்கள் கணினியில் சில பெயர்கள் இருந்தன. பாட்டு சாஃப்ட்வேர் முன்னால் இருந்தது. ஃபோல்டர் திறப்பதையே பிழைப்பாகக் கொண்ட துனார் பின்னால் நின்றது. இந்த முன்பின் வரிசைக்கு உயர்வு தாழ்வு என்று ஒரு அர்த்தமும் கிடையாது. எழுதியபோது அப்படி விழுந்தது, அவ்வளவுதான்.

பாட்டு சாஃப்ட்வேரை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் அதிலுள்ள பாட்டுகளை வரிசையாகப் போடத் தெரியும் என்றுதான் அவர் சொன்னார். அது நிஜம். வட்டில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் கருவியும், நிரல் எழுதும் எடிட்டரும் இதையேதான் சொல்லும். லினக்ஸ் உலகத்தில் இவையெல்லாம் ஃபோல்டர் திறக்கும் நாற்காலியில் எங்கேயாவது எப்போதாவது ஏறி உட்கார்ந்தவைதான். தெரியும் என்று சொன்னவனுக்கு வேலையைப் போட்டுக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. அங்கே பார்த்தால் ஆள் இல்லை.

இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷம். சேர்த்து வைப்பவன் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற மதத்தார் ஒவ்வொருவரையாக நிறுத்திவைத்து மறுக்கும் தோரணை அவருக்கும் வந்துவிடும்.

எனக்கு அங்கேதான் சிக்கல். சேர்த்து வைப்பவன் இல்லை, சரி. ஆனாலும் சேர்ந்துவிட்டதே! தட்டியது ஒரு இடம், திறந்தது ஒரு இடம். நடுவில் அறிவுள்ள ஒருவரும் இல்லை. இருந்தும் பயன் கைக்கு வந்துவிட்டது. தப்பான பயன் என்பது வேறு விஷயம். சமணர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். அவர்களுக்கு வினை என்பது உயிரின்மேல் வந்து ஒட்டும் நுண்ணிய பருப்பொருள். ஒட்டவும் பழுக்கவும் உதிரவும் அதற்கே முறை உண்டு, மேலே உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஒருவர் தேவையில்லை. எங்கள் கணினி அன்றைக்குச் சமணக் கணினியாக நடந்துகொண்டது என்றேன். ஐயா சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியலைப் புரட்ட வேண்டும் என்று விதி செய்தவன் ஒருவன் இருக்கிறானே என்றார். இருக்கிறார்கள்தான். கேடிஇ, க்னோம் என்று 1990-களின் பிற்பாதியில் கிளம்பிய டெஸ்க்டாப்புகள் தனித்தனியாக இல்லாமல் பொதுவான முறைகளைப் பேசிக்கொள்ளட்டும் என்று ஹேவக் பெனிங்டன் 2000-இல் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பைத் தொடங்கினார். பட்டியல் புரட்டும் முறை அங்கே வகுத்ததுதான். ஆனால் விதி செய்தவர்கள் எங்கள் நூலகத்து ஏட்டைப் பற்றி எதுவும் அறியாதவர்கள். எல்லாம் அறிந்தவன் என்ற இலக்கணம் அவர்களுக்குப் பொருந்தாது.

சேர்ப்பவன் யார் என்ற கேள்வியை அத்தோடு விட்டிருக்கலாம். அதற்குள் ஐயா வேறொரு நுனியைப் பிடித்தார். அந்தச் சாஃப்ட்வேரைப் போட்டது நீதானே, அப்படியானால் ஃபோல்டர் தப்பாகத் திறந்த வினை உன் கணக்கிலா என்று கேட்டார். நான் நினைத்தது ஓதுவார் பாட்டைக் கேட்க, நடந்தது வேறு.

இதே கேள்விக்காகப் புத்தர் தரப்பும் நிகண்டர் எனப்படும் சமணர் தரப்பும் நாலந்தாவில் மோதியிருக்கின்றன. பௌத்தர்களின் மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்று ஒரு சூத்திரம். உடலால் செய்வதுதான் பெரிய குற்றம் என்பது மகாவீரரின் ஆட்கள் தரப்பு; மனத்தால் செய்வதுதான் பெரிது என்பது புத்தர் தரப்பு. வாதாடி ஜெயிக்கப் போன உபாலி என்ற இல்லறத்தாரிடம் புத்தர் கேட்கிறார்: ஒரு நிகண்டர் நடக்கும்போது காலடியில் சிற்றுயிர்கள் பல சாகின்றனவே, உங்கள் ஆசான் அதற்கு என்ன சொல்கிறார்? நினைக்காமல் செய்தது பெரிய குற்றமில்லை என்பார் என்கிறார் உபாலி. நினைத்துச் செய்தால்? பெரிய குற்றம். அந்த நினைப்பு எதில் சேரும், உடலிலா மனத்திலா? வாதம் இன்னும் கொஞ்சம் நீண்டாலும் முடிவு அதுதான். ஜெயிக்கப் போனவர் அங்கேயே சீடராகிவிட்டார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது பௌத்தர்கள் எழுதி வைத்த கதை. சமணர்களின் சூத்திரகிருதாங்கத்தைப் புரட்டினால் மறுபக்கம் கிடைக்கும். அங்கே ஆர்த்ரகர் என்ற சமணரிடம் ஒரு பௌத்தர் தன் கொள்கையை விளக்குகிறார்: பிண்ணாக்கு உருண்டையை மனிதன் என்று நினைத்துக் குத்தினால் கொலைப் பாவம், மனிதனைப் பிண்ணாக்கு என்று நினைத்துக் குத்தினால் பாவமில்லை. எதிராளியின் வாயிலிருந்தே எதிராளியைக் கேலிக்கூத்தாக்கும் சாமர்த்தியம். நினைப்பு மட்டும்தான் கணக்கு என்றால் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று சமணர் காட்டிவிட்டார்.

இரண்டு கேலிகளையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் எனக்குப் பிடித்தமான விடை சமண ஆசிரியர் உமாசுவாதியிடம் இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது அவர் உயிர் போவதை மட்டும் சொல்வதில்லை. கவனக்குறைவான செயலால் உயிர் போவதையே இம்சை என்கிறார். நினைத்தாயா என்பதற்கும் நடந்ததா என்பதற்கும் நடுவில், கவனித்தாயா என்ற மூன்றாவது கேள்வியை வைக்கிறார். ஐயாவிடம் இதைச் சொன்னபோது, சமணத்தில் நல்லதாக ஏதாவது இருந்தால் சித்தாந்தத்திலும் அது இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அவருக்கு அப்படி ஒரு பழக்கம்.

ஆனால் இந்த விடைக்கும் ஒரு எல்லை உண்டு. எதையெல்லாம் கவனிப்பது? நான் போடும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் கொண்டுவரும் சீட்டைப் பிரித்து, என்னென்ன வகைக்கு உரிமை கேட்கிறது என்று வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு சுவடிகூட ஸ்கேன் ஆகாது. டிஃபால்ட் என்று ஒன்றை வைத்ததே நாம் கவனிக்காமல் இருப்பதற்காகத்தான். ஒவ்வொரு முறை தட்டும்போதும் 'எதைக் கொண்டு திறக்கட்டும்' என்று கேட்கும் கணினியோடு ஒரு காலைப்பொழுதைக் கழித்துப் பார்த்தால் தெரியும். இந்த இடத்தில் ஐயா சொன்னதுதான் எனக்கு உதவியது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலில் மறைத்தலைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள், இறைவன் ஏன் மறைக்க வேண்டும் என்று. சித்தாந்தத்தில் மறைப்பும் அருள்தான். திரோதானம் என்பார்கள். உயிர் தன் வினையை அனுபவித்துத் தீர்க்க வேண்டுமென்றால் எல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் படக்கூடாது. பட்டியல் புரட்டுவது நம் கண்ணில் படாமல் நடப்பதை இப்படிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

சரி செய்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. டெர்மினலைத் திறந்து, எக்ஸ்டிஜி-மைம் கட்டளையில் ஐநோட்/டைரக்டரிக்கு இப்போது யார் என்று முதலில் கேட்டேன். பாட்டு சாஃப்ட்வேரின் டெஸ்க்டாப் ஃபைல் பெயரைச் சொன்னது. அதே கட்டளையில் டிஃபால்ட் என்று போட்டு துனார்.டெஸ்க்டாப்பைக் காட்டினேன். மைம்ஆப்ஸ்.லிஸ்டைத் திறந்து பார்த்தால், டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ் என்ற தலைப்பின் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது. அந்த ஃபைலில் இன்னும் இரண்டு தலைப்புகளுக்கு இடம் உண்டு: சேர்த்துக்கொண்ட உறவுகள், நீக்கிவிட்ட உறவுகள். 'இவன்தான் திறக்க வேண்டும்' என்பது வேறு, 'இவனும் திறக்கலாம்' என்பது வேறு, 'இவன் பக்கத்திலேயே வரக்கூடாது' என்பது வேறு. மூன்றையும் பிரித்து வைத்தவர்கள் மனித சுபாவத்தைக் கொஞ்சம் அறிந்தவர்கள்தான். பாட்டு சாஃப்ட்வேரை நீக்கிவிட்டவர்கள் பட்டியலில் போடவில்லை. ஐயா கெஞ்சலாகக் கேட்டுக்கொண்டதால், ஓதுவார் பதிவுகளுக்கு மட்டும் டெஸ்க்டாப்பில் தனியாக ஒரு ஐகான் வைத்தேன். அதைத் தட்டினால் பாடும். எல்லா ஃபோல்டரும் ஒரே வகை என்று நினைக்கும் முறையில் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேறு சுலபமான வழி எனக்குத் தோன்றவில்லை.

தீர்ந்தது என்று நினைத்த சமயத்தில் பிரவுசரில் வந்தது. டவுன்லோட் ஆன ஒரு பிடிஎஃப் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால், துனார் வராமல், எப்போதோ யாரோ போட்டுவிட்டுப் போன வேறொரு ஃபைல் மேனேஜர் திறந்தது. இந்த வழி அந்தப் பட்டியல் பக்கமே போவதில்லை. ஃபைலை அதன் ஃபோல்டருக்குள் காட்டு என்ற வேண்டுகோள் டிபஸ் என்ற உள்தபால் வழியாக ஃபைல்மேனேஜர்1 என்ற முகவரிக்குப் போகும். அந்த முகவரியை முன்பே பிடித்துக்கொண்டு ஒரு ஃபைல் மேனேஜர் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குப் போகும். ஒன்றும் ஓடவில்லை என்றால், அந்த முகவரிக்கு உரிமை சொல்லும் சர்வீஸ் ஃபைலைத் தேடி எழுப்பும். மைம்ஆப்ஸில் நான் எழுதிய வரி அங்கே செல்லாது. வீட்டுக்குள் டிபஸ் சர்வீஸ்களுக்கான ஃபோல்டரில் துனாருக்கு ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதி வைத்த பிறகுதான் அந்த வழியும் திருந்தியது.

"கன்மத்தைத் திருத்தினே, மூலமலம் அங்கேயே இருக்கு" என்றார் ஐயா. எனக்கு அது அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. மூலமலம் என்பது ஆணவம்; அது ஒன்றுதான், எங்கும் பரந்தது. இங்கே இருந்தவை ஒன்றையொன்று அறியாத இரண்டு வழக்கங்கள். கோயிலில் வரிசையில் பொறுமையாக நிற்கிற மனுஷன் பஸ்ஸில் ஏறும்போது முழங்கையால் இடிக்கிறான் என்றால், அவனுக்குள் ஒரே மூலமலம் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது என்றும் சொல்லலாம். பொறுமை என்ற வரியை அவன் ஒரு ஃபைலில் மட்டும்தான் எழுதியிருக்கிறான் என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அதற்கு மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐயா இதை ஏற்கவில்லை. நோய் ஒன்று, வெளிப்படும் இடம் பல என்பது அவர் கட்சி. இன்றுவரை எங்களுக்குள் தீராத விவகாரம் அது.

தீர வேண்டிய வேறொன்று இருந்தது. நான் எழுதிய வரி என் கணக்குக்கும், நான் உட்கார்ந்து சரி செய்த ஐயா கணக்குக்கும் மட்டும்தான். கோடை விடுமுறையில் வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன, அங்கெல்லாம் பாட்டுதான். அவர்களுக்கும் சேர்த்து எழுத வேண்டுமென்றால் இடிசி/எக்ஸ்டிஜி-யில் எழுத வேண்டும். யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒன்றைத் தீர்மானிக்கும் வேலை அது. கொஞ்சம் யோசித்தேன். பிறகு எழுதினேன். அந்த இடத்தில் எழுதினால் யார் கையும் கட்டப்படுவதில்லை. பிடிக்காதவர் தன் வீட்டு ஃபைலில் வேறு எழுதிக்கொண்டால் அதுதான் முதலில் செல்லும். அதோடு, நான் எழுதாமல் விட்டிருந்தால் அவர்கள் சுதந்திரமாகத் தீர்மானித்திருப்பார்கள் என்பதும் இல்லை. அர்த்தமில்லாத ஒரு வரிசை தீர்மானித்திருக்கும்.

"அப்போ சேர்த்து வைக்க ஒருத்தர் வேணும்னு ஆயிடுச்சே" என்றார் ஐயா. பல மாதமாகக் காத்திருந்தவர் போல.

"வேணும்தான் ஐயா. எல்லாம் அறிஞ்சவரா இருக்கணும்னு இல்லையே. இந்த நூலகத்துல எதைத் தட்டினா எது வரணும்னு தெரிஞ்சவரா இருந்தாப் போதும்."

அது பதிக்கு, அதாவது இறைவனுக்கு, இலக்கணம் ஆகாது என்றார். ஆகாதுதான், நான் பதியைச் சொல்லவில்லை என்றேன். எழுதிய வரிக்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிப் போகும்படி ஹேஷ் குறி போட்டு, இதை எழுதியது யார், எந்தத் தேதி, எதற்காக என்று குறிப்பு வைத்திருந்தேன். அவருக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, தேதியைத் தமிழ் மாதத்திலும் போடச் சொன்னார்.